பழைய மடிக்கணினியை இரண்டாம் திரையாக்குவது ஏன் அவ்வளவு எளிதல்ல?

வீட்டில் ஒரு பழைய மடிக்கணினி சும்மா கிடக்கிறது. அலுவலகம் கொடுத்த புதியதன் திரையோ வேலைக்குப் போதவில்லை. பழையதில் நல்ல திரை இருக்கிறது, இரண்டிலும் எச்டிஎம்ஐ போர்ட் இருக்கிறது, நடுவே ஒரு கேபிளை மாட்டினால் முடிந்தது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். 2011-இல் தமிழ்நாடு அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. 2020-க்குப் பின் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கும் வழக்கம் பரவியது. இரண்டும் சேர்ந்து, ஒரே மேசையில் இரண்டு கணினிகள் அருகருகே உட்கார்ந்திருக்கும் வீடுகளை நம் ஊரில் சாதாரணமாக்கிவிட்டன. ஆனால் ஆசையோடு கேபிளை வாங்கி மாட்டியவர்கள் எல்லாரும் கண்டது ஒன்றுதான்: எதுவுமே நடப்பதில்லை.

கேபிளில் குறை ஏதும் இல்லை. மடிக்கணினியின் எச்டிஎம்ஐ போர்ட், ஏறத்தாழ எல்லா மாதிரிகளிலும், படத்தை வெளியே அனுப்புவதற்கு மட்டுமே அமைந்தது. படத்தை அனுப்பும் கருவி, கேபிளின் 18-ஆவது ஊசி வழியாக 5 வோல்ட் மின்சாரம் தரும். மறுமுனையில் மானிட்டரோ தொலைக்காட்சியோ இருந்தால், அது 19-ஆவது ஊசியில் மின்னழுத்தத்தை உயர்த்தித் தான் இருப்பதைத் தெரிவிக்கும். பிறகு அனுப்பும் கருவி, மானிட்டருக்குள் இருக்கும் ‘ஈடிஐடி’ என்னும், குறைந்தது 128 பைட் கொண்ட தகவல் தொகுப்பைப் படித்து, அந்தத் திரையைத் தயாரித்தவர் யார், அதன் அளவு என்ன, எந்தெந்தத் தெளிவுத்திறனை அது ஏற்கும் என்பதையெல்லாம் அறிந்துகொண்ட பிறகே படத்தை அனுப்பத் தொடங்கும். இரண்டு மடிக்கணினிகளை இணைத்தால் இரண்டுமே 5 வோல்ட்டைக் கொடுத்துவிட்டு, எதிர்முனை பதில் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருக்கும். பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

மடிக்கணினியின் சொந்தத் திரை, மதர்போர்டோடு தனியான ஓர் உள் கேபிளால் இணைந்திருக்கிறது. கிராஃபிக்ஸ் சிப்பிலிருந்து ஒரு வழி உள் திரைக்கும், இன்னொரு வழி வெளி போர்ட்டுக்கும் போகின்றன. இவை இரண்டுக்கும் இடையே நேர்வழி கிடையாது. மாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்கும் குளியலறைக்கும் தனித்தனிக் குழாய் இறங்கியிருக்கும் வீட்டில், ஒரு குழாயின் வாயில் தண்ணீரை ஊற்றி மற்றதில் பிடிக்க முடியாது என்பதைப் போன்றதே இதுவும். புதிய மடிக்கணினிகளின் யுஎஸ்பி-சி போர்ட்டும் படத்தைப் பொறுத்தவரை இதே குணம் கொண்டதுதான்; மின்சாரத்தையும் கோப்புகளையும் இரு திசைகளிலும் கடத்தும் அந்தப் போர்ட், படத்தை மட்டும் ஒரு திசையில்தான் விடுகிறது.

விதிவிலக்குகள் இருந்தன. அவற்றுள் அழகானது ஆப்பிளின் ஐமேக். 2009-இன் இறுதியில் வந்த 27 அங்குல ஐமேக்கில், மினி டிஸ்ப்ளேபோர்ட் வழியாக வேறொரு கணினியைச் சொருகி, கமாண்ட் விசையையும் எஃப்2 விசையையும் சேர்த்து அழுத்தினால், அந்த ஐமேக் தன் வேலையைப் பின்னணியில் தொடர்ந்தபடியே வெறும் மானிட்டராக மாறிவிடும். ‘டார்கெட் டிஸ்ப்ளே மோட்’ என்று பெயர். 2011 முதல் 2014-இன் நடுப்பகுதி வரை வந்த மாதிரிகளில் அதே வசதி தண்டர்போல்ட் வழியாகக் கிடைத்தது. அந்த இரண்டு போர்ட்களும் வடிவத்தில் ஒன்றே என்பதால் பழைய மினி டிஸ்ப்ளேபோர்ட் கணினியைப் புதிய ஐமேக்கில் மாட்டிப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. தண்டர்போல்ட் உள்ள கணினியை மட்டுமே அவை ஏற்றன.

2014-இன் இறுதியில் 5கே திரையுடன் புதிய ஐமேக் வந்தபோது இந்த வசதி போய்விட்டது. அதற்கான காரணத்தை ஒரு கணக்கிலேயே பார்த்துவிடலாம். 5120 × 2880 புள்ளிகள், புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 60 முறை என்று பெருக்கினால் நொடிக்குச் சுமார் 21 ஜிகாபிட் வருகிறது. அன்றைய டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தரத்தால் சுமக்க முடிந்ததோ 17.28 ஜிகாபிட். திரை வளர்ந்துவிட்டது, வாசல் வளரவில்லை. 2560 × 1440 என்னும் சிறிய அளவில் படத்தை வாங்கிப் பெரிதாக்கிக் காட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். ஆப்பிள் அதைச் செய்யவில்லை. ஏலியன்வேரின் எம்17எக்ஸ் வரிசையைப் போல எச்டிஎம்ஐ உள்ளீடு கொண்ட கேமிங் மடிக்கணினிகளும் வந்தன. சில ஆல்-இன்-ஒன் கணினிகளிலும், லெனோவோவின் யோகா டேப் 13 என்னும் டேப்லெட்டிலும்கூட இந்த உள்ளீடு இருக்கிறது. உங்கள் கணினியின் பக்கவாட்டில் ‘உள்ளே’ என்ற பொருள்படும் குறிப்பு எச்டிஎம்ஐ எழுத்துகளுக்கு அருகில் அச்சிடப்பட்டிருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. மேற்கொண்டு படிக்க வேண்டிய தேவையே இல்லை.

மற்றவர்களுக்கு ஒரே வழிதான் மிஞ்சுகிறது. படம் என்ற உருவில் உள்ளே நுழைய முடியாதது, தரவு என்ற உருவில் நுழைய வேண்டும். அதாவது வைஃபை, நெட்வொர்க் கேபிள், யுஎஸ்பி ஆகியவற்றில் ஒன்றின் வழியாக வந்து, இரண்டாம் கணினியில் ஓடும் ஒரு மென்பொருளின் சாளரத்தில் படமாக விரிய வேண்டும். இங்கே மீண்டும் கணக்குதான் தடை. 1920 × 1080 புள்ளிகள் கொண்ட சாதாரணத் திரைக்கே நொடிக்கு ஏறத்தாழ 3 ஜிகாபிட் தேவை. வீட்டு ரவுட்டரின் கேபிள் போர்ட் பொதுவாக 1 ஜிகாபிட். வைஃபை நடைமுறையில் அதற்கும் மிகக் கீழே. ஆகவே முதல் கணினி ஒவ்வொரு சட்டத்தையும் (ஃபிரேம், அதாவது திரையின் ஒரு முழுப் படம்) சுருக்கி அனுப்ப, இரண்டாவது அதை விரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. திரைப்படக் கோப்புகளைச் சுருக்கும் அதே எச்.264 முறைதான் பெரும்பாலும் இங்கும் பயன்படுகிறது. அது 3 ஜிகாபிட்டைச் சில பத்து மெகாபிட்டாகக் குறைத்துவிடும்.

குறைப்பதற்கு ஒரு விலை உண்டு, அது நேரம். திரையைப் பிடித்தல், சுருக்குதல், அனுப்புதல், விரித்தல், மறுதிரையின் அடுத்த புதுப்பிப்புக்குக் காத்திருத்தல் ஆகிய ஒவ்வொன்றும் தன் பங்கைக் கேட்கிறது. நொடிக்கு 60 சட்டங்கள் என்றால் ஒரு சட்டத்தின் ஆயுள் 16.7 மில்லிநொடி, ஐந்தாறு சட்டங்கள் பின்தங்கினாலே 80 முதல் 100 மில்லிநொடி தாமதம் ஆகிவிடும். மின்னஞ்சலைப் படிக்கும்போது இந்தத் தாமதம் கண்ணில் படாது. ஆனால் மவுஸை நகர்த்தும்போது, கை ஒருபுறம் போக அம்பு பின்னால் ஓடிவருவது உடனே தெரியும். அரை மணி நேரத்தில் எரிச்சலும் தொடங்கும். வீடியோ வெட்டும் வேலைக்கும் விளையாட்டுக்கும் இந்த முறை ஒத்துவராது என்பதே என் கருத்து. விளம்பரங்கள் வேறுவிதமாகச் சொல்லக்கூடும்.

தாமதத்துக்கு வைஃபையின் ஒரு குணமும் காரணம். இரண்டு கணினிகளும் ஒரே ரவுட்டரில் வைஃபை வழியாக இணைந்திருந்தால், ஒவ்வொரு தரவுத் துண்டும் முதல் கணினியிலிருந்து ரவுட்டருக்கும், ரவுட்டரிலிருந்து இரண்டாவதற்கும் என்று காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது. ஒரே அலைவரிசையில் இருப்பவர்கள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் வேகம் பாதியாகிறது. கணினிகளில் ஒன்றையாவது கேபிளில் மாட்டினால் நிலைமை உடனே தேறும். இன்னும் எளிய வழி, இரண்டு கணினிகளையும் ஒரு நெட்வொர்க் கேபிளால் நேரடியாக இணைத்துவிடுவது. முன்பு இதற்கென்று கம்பிகள் மாற்றிக் கட்டிய கிராஸ்-ஓவர் கேபிள் வாங்க வேண்டியிருந்தது. ஜிகாபிட் போர்ட்கள் அந்த மாற்றத்தைத் தாமே செய்துகொள்வதால் இப்போது சாதாரணக் கேபிளே போதும். ரவுட்டர் இல்லாதபோது கணினிகள் 169.254 என்று தொடங்கும் முகவரிகளைத் தாமாகவே சூட்டிக்கொள்ளும். அந்த முகவரியை மென்பொருளில் தட்டிவிட்டால் இணைப்பு கிடைத்துவிடும்.

இதுவரை சொன்னது படத்தைக் கொண்டுபோகும் வேலை. அதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள். விஎன்சி, ரிமோட் டெஸ்க்டாப் போன்ற மென்பொருள்கள் ஏற்கெனவே இருக்கும் திரையை வேறோர் இடத்தில் காட்டுகின்றன. அவற்றை நிறுவிவிட்டு, ‘இரண்டு திரையிலும் ஒரே படம்தானே வருகிறது’ என்று வருந்துவதில் பொருள் இல்லை. நமக்கு வேண்டியது கூடுதல் இடம். அந்த இடத்தை உண்டாக்க, முதல் கணினியின் இயங்குதளத்தை ‘உன்னோடு இன்னொரு மானிட்டர் இணைந்திருக்கிறது’ என்று நம்பவைக்க வேண்டும். இல்லாத மானிட்டரை இருப்பதாகக் காட்டும் இந்தப் பொய்தான் முழு ஏற்பாட்டின் கடினமான பகுதி. கருவியை இயங்குதளத்தோடு பேசவைக்கும் சிறு மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர்; விண்டோஸில் முன்பெல்லாம் இதற்குக் கிராஃபிக்ஸ் டிரைவரைப் போலவே நடிக்கும் டிரைவர்களை எழுத வேண்டியிருந்தது. 2016-இல் வெளிவந்த விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பில், ‘மறைமுகத் திரை டிரைவர்’ என்னும் முறையான வழியை மைக்ரோசாஃப்ட் திறந்துவிட்டது.

டிரைவரோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்களுக்கு வேறு ஒரு பொய் இருக்கிறது. ‘டம்மி பிளக்’ என்ற பெயரில் விற்கப்படும் கட்டைவிரல் அளவுள்ள எச்டிஎம்ஐ முனைக்குள், முன்னே சொன்ன ஈடிஐடி தகவலை வைத்திருக்கும் சின்னஞ்சிறு சிப் இருக்கும், வேறொன்றும் இருக்காது. அதைச் சொருகியவுடன் கணினி ஒரு மானிட்டர் வந்துவிட்டதாகவே நம்பும். அந்தக் கற்பனைத் திரையை மட்டும் விஎன்சியிலோ, உலாவி வழியாகத் திரையை அனுப்பும் டெஸ்க்ரீன் போன்ற திறந்த மூல மென்பொருளிலோ அனுப்பினால், இரண்டாம் கணினி உண்மையான கூடுதல் திரை ஆகிவிடும். லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு இது நன்றாகவே உதவும். லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் எக்ஸ் சாளர அமைப்பில் பல கணினிகளின் திரைகளை ஒன்றாகத் தைக்கும் எக்ஸ்டிஎம்எக்ஸ் என்ற பகுதி முன்பு இருந்தது. பராமரிக்க ஆளின்றி 2021-இல் அதை நீக்கிவிட்டார்கள்.

விண்டோஸ் கணினிகள் இரண்டு இருந்தால், எதையும் பதிவிறக்காமலே முயன்று பார்க்கக்கூடியது மிராகாஸ்ட். வைஃபை அலையன்ஸ் 2012-இல் கொண்டுவந்த இந்தத் தரம், ரவுட்டர் இல்லாமலே இரு கருவிகளை நேரடியாகப் பேசவைத்து எச்.264 படத்தை அனுப்புகிறது. விண்டோஸ் 8.1 அனுப்பக் கற்றுக்கொண்டது. 2016-இன் விண்டோஸ் 10 வாங்கவும் கற்றுக்கொண்டது. பிந்தைய பதிப்புகளில் இந்த வாங்கும் வசதி இயல்பாக இருப்பதில்லை. இரண்டாம் கணினியின் அமைப்புகளில் விருப்ப வசதிகள் என்ற பகுதிக்குப் போய், வயர்லெஸ் டிஸ்ப்ளே என்பதைத் தேடிச் சேர்க்க வேண்டும். பிறகு முதல் கணினியில் விண்டோஸ் விசையோடு கே விசையை அழுத்தினால் இரண்டாம் கணினியின் பெயர் தெரியும். இணைந்த பின் விண்டோஸ் விசையோடு பி விசையை அழுத்தி, நகலாகக் காட்டுவதற்குப் பதில் நீட்டிப்பைத் தேர்ந்துகொள்ள வேண்டும். எல்லாம் கூடிவந்தால் ஐந்து நிமிட வேலை. கூடிவராததற்குப் பழைய வைஃபை சிப்பும் அதன் டிரைவருமே பெரும்பாலும் காரணம். அதைத் திருத்த மணிக்கணக்கில் மெனக்கெடுவதைவிட வேறு வழிக்குப் போய்விடுவது நல்லது.

அந்த வேறு வழிகளில் விண்டோஸ்காரர்களிடையே அதிகம் பேசப்படுவது ஸ்பேஸ்டெஸ்க். முதல் கணினியில் டிரைவரையும், இரண்டாவதில் பார்வை மென்பொருளையும் நிறுவ வேண்டும். இரண்டாவது ஆண்ட்ராய்ட் டேப்லெட்டாகவும் இருக்கலாம், வெறும் உலாவியாகவும் இருக்கலாம். மேக் உலகில், ஐபேடை இரண்டாம் திரையாக்கும் சைட்கார் 2019-இல் வந்தது. ஒரு மேக்கின் திரையை இன்னொரு மேக் ஏர்ப்ளே வழியாக ஏற்கும் வசதி 2021-இன் மான்டரே பதிப்பில் வந்தது. ஆனால் இதற்கு ஓரளவு புதிய மேக்குகள் வேண்டும். டார்கெட் டிஸ்ப்ளே மோட் இருந்த பழைய ஐமேக்குகள் இந்த வசதிக்குத் தகுதி பெறாதவை. 5கே திரையோடு வந்த முதல் சில மாதிரிகளுக்கோ இரண்டுமே கிடைக்கவில்லை.

எந்த வழியில் போனாலும் எழுத்துகளின் தெளிவு பற்றி முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. வீடியோச் சுருக்க முறைகள் மனிதக் கண்ணின் ஒரு பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்கின்றன: வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகக் காணும் கண், நிற வேறுபாட்டை அவ்வளவு கூர்மையாகக் காண்பதில்லை. ஆகவே வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்ற அளவில் அனுப்புகின்றன. திரைப்படத்தில் இது தெரியாது. கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து, நீலக் கட்டத்துக்குள் சிறிய எண் என்று வரும் விரிதாளிலும் நிரல் எழுதும் சாளரத்திலும் நன்றாகவே தெரியும். சுழிகளும் கொம்புகளும் நிறைந்த தமிழ் எழுத்துகள் சிறிய அளவில் ஆங்கில எழுத்துகளைவிட முன்னதாகவே கலங்கிப் போகின்றன. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தாக வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குக் காரணம் அளவுப் பொருத்தமின்மை: பத்து ஆண்டுகளுக்கு முந்தைய மடிக்கணினிகளில் பரவலாக இருந்த 1366 × 768 திரைக்கு, 1920 × 1080 படத்தை அனுப்பிச் சுருக்கிக் காட்டினால் எந்த எழுத்தும் கூர்மையாக நிற்காது. கற்பனை மானிட்டரின் அளவை உண்மைத் திரையின் அளவோடு ஒன்றாக்கிவிட வேண்டும்.

பழைய கணினியின் வயது வேறு வகையிலும் பேசும். 2011-ஐ ஒட்டிவந்த இன்டெல் சிப்கள்கூட எச்.264 படத்தைத் தனிச் சுற்று மூலம் விரித்துவிடும். அதற்குப் பின் வந்த எச்இவிசி முறைக்கு அந்த வசதி அவற்றில் இல்லை. மென்பொருளின் அமைப்புகளில் ‘உயர்தரம்’ என்று புதிய முறையைத் தேர்ந்தால், பழைய மடிக்கணினியின் விசிறி அலறத் தொடங்குவது இதனால்தான்.

அலுவலக மடிக்கணினி என்றால் சிக்கல் இன்னும் வேறு. கற்பனை மானிட்டருக்கான டிரைவரை நிறுவ நிர்வாகி அனுமதி வேண்டும். பல நிறுவனங்கள் அதைத் தருவதில்லை. தந்தாலும், திரையில் ஓடும் அனைத்தையும் பிடித்து வீட்டு நெட்வொர்க்கில் அனுப்பும் ஒரு மென்பொருளைக் கேட்காமல் நிறுவுவது சரியல்ல. இந்த இடத்தில் உதவுவது, விளையாட்டுகளைப் பதிவுசெய்பவர்கள் பயன்படுத்தும் கேப்சர் கார்டு. ஒரு முனையில் எச்டிஎம்ஐ உள்ளீடும், மறுமுனையில் யுஎஸ்பியும் கொண்ட இது, முதல் கணினியிடம் தன்னை ஒரு மானிட்டர் என்றும், இரண்டாம் கணினியிடம் தன்னை ஒரு வெப்கேம் என்றும் சொல்லிக்கொள்கிறது. முதல் கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. இரண்டாவதில் வெப்கேம் படத்தைக் காட்டக்கூடிய விஎல்சி அல்லது ஓபிஎஸ் மென்பொருள் போதும். கட்டுரையின் தொடக்கத்தில் அந்தக் கேபிளால் ஆகாமல் போன வேலையை உண்மையில் செய்வது இதுதான் என்பதால், நான் முதலில் பரிந்துரைப்பதும் இதையே.

ஆனால் அட்டைப்பெட்டியில் ‘4கே’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். மலிவான கார்டுகளில் அது உள்ளே வாங்கும் படத்தின் அளவு. வெளியே தருவது பெரும்பாலும் 1920 × 1080 அளவில் நொடிக்கு 30 சட்டங்கள்தான். யுஎஸ்பி 2.0-இன் உச்ச வேகம் 480 மெகாபிட். அந்த 30 சட்டங்களைச் சுருக்காமல் அனுப்பவே ஏறத்தாழ 1500 மெகாபிட் வேண்டும் என்பதால், இவை ஒவ்வொரு சட்டத்தையும் ஜேபெக் படமாக அழுத்தி அனுப்புகின்றன. எழுத்தின் ஓரங்களில் தூசு படிந்ததுபோல் தெரிவது அதனால்தான். உண்மையான யுஎஸ்பி 3 கார்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீணாகாது. இன்னொன்று: எச்டிசிபி என்னும் நகல் தடுப்பு முறை செயல்படும் திரைப்படத் தளங்களைத் திறந்தால், இந்த இரண்டாம் திரை கறுத்துப்போகும். அது கார்டின் பழுதல்ல. கார்டைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போகும் முன் இதை நினைவில் கொள்ளலாம்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. உண்மையில் முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது. இரண்டாம் கணினி நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், அதன் திரையை மட்டும் ஏன் கடன் வாங்க வேண்டும்? பக்கத்துத் திரையில் நாம் வைக்கப்போவது ஓர் உலாவியோ, ஒரு பிடிஎஃப் கோப்போ, அரட்டைச் சாளரமோதான் என்றால், அதை அந்தக் கணினியே தன் சொந்த வலுவில் திறந்துகொள்ளும். குறை என்னவென்றால் கை இரண்டு விசைப்பலகைகளுக்கும் இரண்டு மவுஸ்களுக்கும் மாறி மாறி ஓட வேண்டும். அந்தக் குறையை மட்டும் தீர்க்கும் மென்பொருள்கள் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2011-இல் வெளியிட்டு, 2023-இல் தன் பவர்டாய்ஸ் தொகுப்பில் சேர்த்துக்கொண்ட ‘மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ்’, ஒரே மவுஸை நான்கு கணினிகள் வரை கொண்டுபோகும். மவுஸ் திரையின் விளிம்பைத் தாண்டினால் அடுத்த கணினிக்குள் நுழைந்துவிடும், இங்கே நகலெடுத்ததை அங்கே ஒட்டவும் செய்யலாம். லினக்ஸ், மேக், விண்டோஸ் எனக் கலந்து வைத்திருப்பவர்களுக்கு சினெர்ஜி, இன்புட் லீப் போன்றவை இருக்கின்றன. மேக்குகளுக்கு இடையே 2022 முதல் யுனிவர்சல் கன்ட்ரோல் இருக்கிறது. நெட்வொர்க்கில் போவது விசை அழுத்தங்களும் மவுஸ் நகர்வுகளும் மட்டுமே என்பதால், நொடிக்குச் சில கிலோபிட்டில் வேலை முடிகிறது. படம் சுருங்குவதில்லை, எழுத்து கலங்குவதில்லை. ஒரு சாளரத்தை இங்கிருந்து அங்கே இழுத்துப் போட மட்டும் முடியாது. அந்த இழுப்பு இல்லாமல் நம் வேலை நடக்குமா என்று ஒருநாள் சோதித்துப் பார்த்துவிட்டு, நடக்காது என்றால் மட்டும் மற்ற வழிகளுக்குப் போகலாம்.

பழைய மடிக்கணினியின் மதர்போர்டே செத்துவிட்டது, திரை மட்டும் உயிரோடு இருக்கிறது என்ற நிலையில் மென்பொருள் எதுவும் உதவாது. அப்போது திரைப் பலகத்தைக் கழற்றி எடுத்து, அதன் பின்புறம் ஒட்டியுள்ள மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணுக்கு ஏற்ற கன்ட்ரோலர் போர்டு ஒன்றை வாங்கலாம். இணையத்திலும் கிடைக்கிறது, சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தும் பார்க்கலாம். எச்டிஎம்ஐயை உள்ளே வாங்கி, திரையின் உள் கேபிளுக்கு ஏற்றபடி மாற்றித் தருவதே அந்தப் போர்டின் வேலை. எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் ஊசிகளின் எண்ணிக்கையோ பின்விளக்கின் மின்னழுத்தமோ மாறிவிடக்கூடும் என்பதால், மடிக்கணினியின் மாதிரிப் பெயரைச் சொல்லி வாங்காமல் பலகத்தையே கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குவது பாதுகாப்பானது. மானிட்டருக்கென்று தனியாக ஒரு 12 வோல்ட் அடாப்டரும் பெரும்பாலும் தேவைப்படும். பழைய மடிக்கணினியின் 19 வோல்ட் சார்ஜரை அதில் சொருகிவிடக் கூடாது.